பருப்பு வேகும் தண்ணீர்

எனக்குச் சுகர் இருப்பது தெரிந்த அன்று நான் முதலில் செய்த காரியம், வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்ததுதான். நான் வேலை பார்க்கும் பெயிண்ட் கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ரிசல்ட்டைக் கொடுத்தவர், "சார், ஸ்வீட்டைக் கொறைச்சுக்கோங்க" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் ஸ்வீட் பைத்தியம் இல்லை. கல்யாண வீட்டில் ஜாங்கிரி வைத்தால் சாப்பிடுவேன், அது மரியாதைக்காக. பரிமாறுகிறவர் மறுபடியும் வந்தால் இன்னொன்றும் வாங்கிக்கொள்வேன், அது அவர் மனம் நோகக் கூடாதே என்பதற்காக.

கம்பெனியில் என் வேலை தரம் பார்ப்பது. நிறம் கொஞ்சம் மாறியிருந்தாலும் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவேன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு டப்பாகூட கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையைத் தாண்டாது என்று வீட்டில் அடிக்கடி சொல்லிக்கொள்வேன். வீட்டில் யாரும் கேட்டதில்லை, நானாகத்தான் சொல்வேன். இவ்வளவு கறாரான மனிதன் தினமும் குடிக்கிற தண்ணீருக்கு வைத்த ஒரே சோதனை, அதில் பருப்பு வேகிறதா என்பது.

அதற்குக் காரணம் என் அண்ணன். அப்பா போன பிறகு நானும் அண்ணனும் நிலத்தைப் பிரித்துக்கொண்டோம். நடுவில் ஒரு சுவர் எழுந்தது. பழைய போர்வெல் அண்ணன் பக்கம் போனது. அந்தத் தண்ணீர் கொஞ்சம் உப்பு. சோப்பு போட்டால் நுரைக்காது. குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் பருப்பு போட்டது போட்டபடி முழித்துக்கொண்டிருக்கும். என் பக்கத்தில் புதிதாகப் போர் போட வண்டி வந்தது. அண்ணன் போரின் ஆழத்திலேயே தண்ணீர் பீறிட்டது. வண்டிக்காரர், "போதும் சார்" என்றார். நான் விடவில்லை. அண்ணன் வீட்டுத் தண்ணீரும் என் வீட்டுத் தண்ணீரும் ஒன்றுதான் என்றால் பாகம் பிரித்ததற்கு என்ன அர்த்தம்? இன்னும் கீழே போகச் சொன்னேன். பாறையைக் குடைந்துகொண்டு போனது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அண்ணன், "டேய், பாதாளம் வரிக்கும் போவப் போறியா இன்னா?" என்றார்.

பாதாளத்தில் கிடைத்த தண்ணீர் அப்படி ஒரு தண்ணீர். கண்ணாடி மாதிரி இருந்தது. வாயில் விட்டால் இனித்தது. பூஜை போட்ட அன்று சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அண்ணனும் வந்தார். எல்லோர் எதிரிலும் அவரிடம் ஒரு டம்ளரை நீட்டி, "குடிச்சுப் பாருண்ணா, சக்கர மாதிரி இருக்குது. உன் தண்ணில பருப்புகூட வேவாது" என்றேன். அண்ணன் டம்ளரை வாங்கினார், குடிக்கவில்லை. சுவர் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் பேச்சு அதோடு நின்றது. அந்த வீட்டுப் பேச்சை இந்த வீட்டில் எடுக்கவே கூடாது என்று என் மனைவிக்கு உத்தரவு போட்டேன். அவளும் அண்ணியும் சுவருக்கு மேலாகக் கறிவேப்பிலையும் மீன் குழம்பும் கைமாற்றிக்கொள்வது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டேன். அண்ணி வைக்கும் குழம்பு நன்றாக இருக்கும்.

தண்ணீரின் பெருமையை ஊருக்கும் கொஞ்சம் கொடுத்தேன். ஆடி மாதத்தில் பெரியபாளையத்து அம்மனுக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் தெரு வழியாகத்தான் போவார்கள். வெளிச் சுவரில் ஒரு குழாய் வைத்து, "சுவையான குடிநீர்" என்று கம்பெனி நீலப் பெயிண்ட்டில் நானே எழுதினேன். சும்மா குடிநீர் என்று எழுத மனம் வரவில்லை. ஒரு தடவை தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் விற்கிறவர் வந்தார். பேனா மாதிரி ஒரு மீட்டரை டம்ளரில் விட்டார், எண்ணைப் பார்த்தார், முகம் தொங்கிப் போயிற்று. "உப்பு ரொம்பக் கம்மி சார், உங்களுக்கு எங்க மிஷினே தேவையில்ல" என்றார். அவரை உட்காரவைத்து டீ கொடுத்து அனுப்பினேன். விற்க வந்தவனே வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போன தண்ணீர் என்று அந்தக் கதையை கம்பெனி கேன்டீனில் சொல்லாத நாளில்லை.

ஆகவே சுகர் வந்ததும், அதைத் தண்ணீரை வைத்தே விரட்டுவது என்று முடிவெடுத்தேன். ஆவாரம்பூ கஷாயம் நல்லது என்று போனில் ஒரு செய்தி வந்திருந்தது. சோழவரம் ஏரிப் பக்கம் போய்ப் பூவைப் பறித்து வந்து காயவைத்தேன். ஒரு சட்டியில் போர்த் தண்ணீரை நிரப்பி, பூவைப் போட்டு, பாதியாக வற்றும்வரை காய்ச்ச வேண்டும். நான் எதையும் குறைவாகச் செய்கிறவன் இல்லை. கால்வாசியாக வற்றவிட்டேன். தினமும் காலையில் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைக் குடிப்பேன். மனைவி, "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடிக்கலாம்ல?" என்பாள். கெமிக்கல் இல்லாத வைத்தியத்துக்கு டாக்டர் எதற்கு என்று கேட்பேன்.

இந்தச் சமயத்தில்தான் என் மகள் தலைப் பிரசவத்துக்கு வந்தாள். எங்களுக்கு ஒரே பெண். அம்பத்தூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். வளைகாப்பு முடிந்து அழைத்து வந்த அன்றே அவள் பையில் ஒரு தண்ணீர் பாட்டிலைப் பார்த்துவிட்டேன். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. "நம்ம ஊட்டுக்கு வரும்போது கடைத் தண்ணியா?" என்று பிடுங்கிச் செடிக்கு ஊற்றினேன். குழந்தை பிறந்ததும் நம் போர்த் தண்ணீரில்தான் சேனை வைக்க வேண்டும், அதையும் நான்தான் வைப்பேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். பிறந்த பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பதுதான் சேனை. வைக்கிறவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. என் குணம் ஒரு குழந்தைக்கு வந்தால் நல்லதுதானே என்று அப்போது நினைத்தேன்.

அடுத்த செக்கப்பில் அவளுக்கும் சுகர் என்றார் டாக்டரம்மா. கர்ப்பத்தில் வருகிற சுகர், பலருக்கும் வருவதுதான், ஆனால் விட்டால் குழந்தை அளவுக்கு மீறிப் பெருத்துவிடும், பிறந்ததும் குழந்தையின் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம் என்றார். சாப்பாட்டைக் குறைத்துப் பார்த்தும் கட்டுக்குள் வரவில்லை. இன்சுலின் போடச் சொன்னார். சின்ன வயதில் ஊசி என்றாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும் பெண், இப்போது தன் வயிற்றில் தானே ஊசி போட்டுக்கொண்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். "நைனா, எனக்கே வலிக்கல, நீ இன்னாத்துக்குக் கண்ண மூடிக்கினு நிக்கிற?" என்று சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற நினைப்பு சோற்றில் கை வைக்கவிடவில்லை.

டாக்டரம்மா குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். "வீட்ல வேற யாருக்காவது சுகர் இருக்கா?" "எனக்கு மட்டும்தான் டாக்டர், அதுவும் வேலை டென்ஷன்" என்றேன். "என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்றார். எனக்கு உயிர் வந்தது. போர், பாறை, பருப்பு, மீட்டர்காரர் என்று முழுக் கதையும் சொன்னேன். வெளியே வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆர்செனிக் இருக்கான்னு பார்த்திருக்கீங்களா?" என்றார்.

நான் பெயிண்ட் கம்பெனி ஆள். ஈயம், ஆர்செனிக் என்ற பேரெல்லாம் எனக்குத் தெரியும். எங்கள் சரக்கில் இருக்கக் கூடாத சாமான்கள் அவை. தண்ணீரில் எப்படி இருக்கும் என்று கேட்டேன். சில இடங்களில் பாறையிலிருந்தே கரைந்து வரும், வேறு வழியாகவும் கலக்கலாம் என்றார். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ருசி கிடையாது. மிஷின்காரர் வைத்த மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், இதைத் தனியாகக் காட்டாது. பல வருஷம் இது உடம்புக்குள் போனால் கணையம் இன்சுலின் சுரப்பதற்கு இடைஞ்சல் வரலாம், இன்சுலின் சொன்னபடி உடம்பு கேட்காமல் போகலாம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சந்தேகப்படுகிறார்கள். தண்ணீரில் இது அதிகமாக உள்ள ஊர்களில் சுகரும் அதிகமாகத் தெரிந்திருக்கிறது. குறைவாக இருந்தால் எவ்வளவு பங்கு என்பது இன்னும் தெளிவாகவில்லை. "இருக்குன்னு சொல்லல. பார்த்துடுங்கன்னு சொல்றேன்" என்றார்.

தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துத் திருவள்ளூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். உண்மையில் அந்த டாக்டரம்மாவிடம் காட்டி ஜெயிக்க வேண்டும் என்றுதான் கொடுத்தேன். ரிசல்ட்டை பிரேம் போட்டு மாட்டலாமா என்றுகூட யோசித்தேன். சில நாள் கழித்து அங்கிருந்து ஒரு பெண் போன் செய்தார். "சார், மத்ததெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா ஆர்செனிக் அனுமதிச்ச அளவுக்கு மேல இருக்கு. குடிக்கவும் சமைக்கவும் வேணாம்." தவறாகப் பார்த்திருப்பீர்கள் என்றேன். மறுபடியும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன் என்றார். கம்பெனியில் நான் சரக்கைத் திருப்பி அனுப்பும்போது எதிராளி என்னிடம் என்னென்ன பேசுவாரோ அதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் பேசினேன். அவரும் நான் சொல்கிற பதிலையே சொன்னார். பக்கத்தில் வேறு போர் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

பக்கத்தில் ஒரே ஒரு போர்தான் இருந்தது. நான் கேட்கமாட்டேன் என்று மனைவிக்குத் தெரியும். அவளே சுவருக்கு மேலாகப் பாட்டிலைக் கொடுத்து அண்ணியிடம் தண்ணீர் வாங்கினாள். அதற்கும் ரிசல்ட் வந்தது. உப்பு அதிகம், கடினம் அதிகம், ஆர்செனிக் இல்லை. பருப்பு வேகாத தண்ணீர் பாஸாகிவிட்டது.

இந்த இடத்தில் நான் இடிந்துபோனேன் என்று எழுத ஆசைதான். கொஞ்ச நேரம் இடிந்துதான் போனேன். ஆனால் சாயங்காலத்துக்குள் எனக்கு வேறு ஒரு தெம்பு வந்துவிட்டது. குற்றவாளி பிடிபட்டுவிட்டான் அல்லவா? என் சுகருக்கு நான் காரணமில்லை! மறுநாள் கேன்டீனில் எல்லோரிடமும் சொன்னேன். யாரோ ஒருவர் மகள் நிச்சயதார்த்த இனிப்பு என்று மைசூர்பாகு நீட்டினார். மனசாட்சி உறுத்தாமல் எடுத்துக்கொண்டேன்.

டாக்டரம்மாவிடமும் அதே தெம்போடு போய் நின்றேன். மகளும் மனைவியும் பக்கத்தில் இருந்தார்கள். அவர் முதலில் கேட்டது, "தண்ணியைக் காய்ச்சிக் குடிச்சீங்களா?" என்பது. ஆவாரம்பூவைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "காய்ச்சினா கிருமி சாகும். ஆர்செனிக் கிருமி இல்ல. தண்ணி ஆவியாப் போகும், அது சட்டியிலயே நிக்கும்." கால்வாசியாக வற்றவிடுவேன் என்பதை நான் சொல்லவில்லை. என் மனைவி சொன்னாள். சுகருக்கு மருந்து என்று நினைத்து, சுகருக்குக் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிற சாமானை நானே சட்டியில் சுண்டக் காய்ச்சி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்திருக்கிறேன். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

"எப்படியும் எனக்கும் இவளுக்கும் சுகர் வந்தது தண்ணியாலதானே டாக்டர்?" என்றேன். "தண்ணி ஒரு காரணமா இருக்கலாம். உங்க தொப்பையும் ஒரு காரணமா இருக்கலாம். பரம்பரையும் இருக்கலாம். ஒரு ஆளை நிக்க வச்சு எதுக்கு எவ்வளவு பங்குன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. இன்னிக்கே நிறுத்த முடிஞ்சது அந்தத் தண்ணி. அதை நிறுத்துங்க" என்றார். "பரம்பரையெல்லாம் எங்களுக்கு இல்ல" என்றேன். அப்போதுதான் என் மனைவி மெதுவாகச் சொன்னாள். "இவரு அண்ணனுக்கு ரொம்ப வருஷமா சுகர் இருக்குது டாக்டர்."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். "எங்கிட்ட ஏன் சொல்லல?" "அந்த ஊட்டுப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன?" டாக்டரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முன்பு எழுதியதை அடித்துத் திருத்தினார். "இது முதல்லயே தெரிஞ்சிருந்தா இவளுக்கு மூணாவது மாசத்துலயே பார்த்திருப்பாங்க" என்று மட்டும் சொன்னார். மகள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்கினோம். ஆனால் சோறும் குழம்பும் கஞ்சியும்கூட எங்கள் போர்த் தண்ணீரில் வேகக் கூடாதே. கேன்காரர் எங்கள் ஊருக்கு நினைத்தபோதுதான் வருவார். மறுநாள் காலையில் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டு கேட்டைத் திறந்தேன். போர் போட்ட நாளிலிருந்து அந்த கேட்டுக்குள் நான் கால் வைத்ததில்லை. அண்ணன் வாசலில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் ராகி அடை.

"இன்னாடா, பாதாளத் தண்ணி வத்திப் பூட்ச்சா?"

"வத்தலண்ணா. அதுல விஷம் கீதாம்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அடையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "கொயந்த எத்தினி வருஷமா அதக் குட்ச்சிக்கினு கீது?" என்றார். அவர் குழந்தை என்றது என் மகளை. பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து என்றேன். எழுந்து வந்து என் கையிலிருந்த குடத்தை வாங்கி மோட்டாரைப் போட்டார். குடம் நிறைகிற வரைக்கும் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"பருப்பு வேவாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

"ராத்திரியே ஊற வச்சிக்கிறோம்."

குடம் தளும்பும்போது, "உனுக்கு சுகர் இருக்குன்னு எனுக்குத் தெரியாதுண்ணா" என்றேன். அவர் குழாயை மூடினார். "நீ பூஜ போட்ட அன்னிக்குத்தான்டா எனுக்குத் தெரிஞ்சுது. ரத்த டெஸ்டு எடுத்துக்கினு நேரா உன்கிட்டதான் வந்தேன். நைனா காலு புண்ணு ஆறாமயே பூட்டாரே, அதுவும் இதுதான் போலக்கீது, நீயும் பாத்துக்கோடான்னு சொல்லத்தான் வந்தேன். நீ ஒரு டம்ளர நீட்டி, சக்கர மாதிரி கீதுன்னு கூவிக்கினு இருந்த. பேஜாராப் பூட்ச்சு. வச்சிட்டு வந்துட்டேன்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த டம்ளரை நீட்டாமல் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் வாழ்க்கையில் நான் செய்யவே முடியாத காரியம் அது ஒன்றுதான். குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்று மத்தியானமே வெளிச் சுவர்க் குழாயின் கைப்பிடியைக் கழற்றினேன். "சுவையான குடிநீர்" மேல் சிவப்புப் பெயிண்ட் அடித்தேன். ஒரு தடவை அடித்ததில் நீலம் மறையவில்லை. எங்கள் கம்பெனிச் சரக்குதான், நானே பார்த்து அனுப்பிய சரக்கு. இரண்டாம் தடவை அடித்தேன். அந்தக் குழாயில் குடித்துவிட்டு, நீ நல்லா இருக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் முகமெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. நடந்து போகிறவர்கள் ஒருநாள் குடித்த தண்ணீரால் ஒன்றும் ஆகிவிடாது என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். தெருக்காரர்கள் தினமும் பிடித்துப் போனார்களே என்று கேட்டேன். அதற்கு அவர், அவர்களையும் ரத்தம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். பெருமை பேசப் போன வீடுகள்தான் எல்லாம், வழி தெரியும்.

ஐப்பசி மழையில் மகளுக்கு வலி எடுத்தது. ஆண் குழந்தை. பிறந்ததும் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் பார்த்தார்கள். அந்த நேரத்தில் நான் எந்தெந்தச் சாமிக்கு என்னென்ன வேண்டிக்கொண்டேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. பெரியபாளையத்துக்கு உடம்பில் வேப்பிலை ஆடை கட்டி வருவதாக வேண்டிக்கொண்டது மட்டும் நிச்சயம். நர்ஸ் வெளியே வந்து, "சர்க்கரை நார்மலா இருக்கு. அம்மாவுக்கு மட்டும் கொஞ்ச நாள் கழிச்சு மறுபடியும் பார்க்கணும், மறக்கக் கூடாது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் கையில் ஒரு சின்ன எவர்சில்வர் சொம்பு. தன் வீட்டுத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, சேனைக்கு என்று கொண்டு வந்திருந்தார். சட்டைப் பையில் ஒரு பொட்டலம் சர்க்கரை.

"நீ வைடா, நீதான தாத்தா" என்றார். "நீ வைண்ணா, உன் தண்ணி" என்றேன். இரண்டு பேரும் உள்ளே போனோம். நர்ஸ் சொம்பைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார். "ஒண்ணும் வைக்கக் கூடாது. சர்க்கரையும் வேணாம், தண்ணியும் வேணாம். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான். குழந்தைக்கு வேண்டிய தண்ணி அதுலயே இருக்கு."

கட்டிலிலிருந்து மகள் எங்களைப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் சுகர், ரெண்டு பேருக்கும் வீம்பு. இதுல யாரு கொணம் வந்தா எனுக்கு இன்னா? புள்ளைக்கு ஒண்ணும் வேணாம் நைனா. எனுக்குத்தான் தாகமா கீது."

அண்ணன் சொம்பை என்னிடம் கொடுத்தார். டம்ளரில் ஊற்றி நீட்டினேன். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு குடித்தாள். உப்புக் கரித்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தாள். குடித்து முடித்துவிட்டு டம்ளரை மறுபடியும் என் பக்கம் நீட்டினாள். ஊற்றினேன். தண்ணீரைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.